டாஃபி போன பண்ணை

"பாக்கெட்ல என்ன?"

லெனோரா கேட்ட கேள்வியில் ஓரினுக்குக் காது மடல் வரை சூடேறியது.

வராந்தா மேஜையில் துண்டை விரித்து, தோட்டத்தில் கிடைத்ததை எல்லாம் அப்போதுதான் பரப்பியிருந்தார். பச்சை பிடித்த செப்புக் காசுகள், கோட்டுப் பொத்தான்கள், ஈயக் குண்டு ஒன்று, முறிந்த ஸ்பூன். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் இருநூறு வருஷத்து வீடு என்றால் மண்ணுக்குள் இதுகூடவா இருக்காது?

"எல்லாம் இதோ இருக்கு மேடம்."

"இதுல இல்லாததைத்தான் கேக்கறேன். கொட்டகைப் பக்கம் வரும்போது, கையில பொத்தி வச்சிருந்ததை நைசா பாக்கெட்ல நழுவ விட்டீங்க. சமையல்கட்டு ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டுதான் இருந்தேன்."

மண்ணில் புதைந்ததைத் தேடி மெட்டல் டிடெக்டரும் கையுமாக அலைகிறவர்களுக்கென்று அவர்கள் சங்கம் வகுத்த சில கட்டுப்பாடுகள் உண்டு. கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும். தோண்டிய குழியை மூடி, புல்லைப் பழையபடி பதிக்க வேண்டும். கிடைத்ததில் ஒரு குண்டூசி விடாமல் வீட்டுக்காரர் முன்னால் வைக்க வேண்டும். கடைசியில் சொன்னதை மீறினவனுக்கு அப்புறம் அந்த வட்டாரத்தில் ஒரு கதவும் திறக்காது. ஓரின் இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த பெயர் அது.

மேஜைக்கு அந்தப் பக்கம் லெனோராவின் அப்பா எல்பர்ட் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். காபிக் கோப்பையைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் முன்னால் அந்த மனிதர்தான் ஓரினின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தோட்டத்துக் கோடியில், ஆப்பிள் மரத்தடியில் கருவி கூவிய இடத்தைத் தோண்டினால் காசு வரவில்லை. நாயின் கழுத்துப்பட்டையில் தொங்கவிடும் பித்தளை வில்லை வந்தது. 'டாஃபி' என்று பெயர் வெட்டியிருந்தது.

"தம்பி, அதை மறைச்சுடு. என் பொண்ணு கண்ணுல பட்டுடக் கூடாது. அவளுக்கு அப்போ ஏழு வயசு. வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன்... பின்னால டாஃபி படுத்திருந்தது எனக்குத் தெரியலை. பெரிய ஆட்டுப் பண்ணைக்கு அனுப்பிட்டேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். இன்னிக்கு வரைக்கும் நம்பிட்டிருக்கா. நான்தான் கொன்னேன்னு தெரிஞ்சா, அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

வில்லையை அங்கேயே போட்டு மூடியிருக்கலாம். ஆனால் எடுத்த உலோகத்தைத் திரும்பக் குழியில் போட்டு ஓரினின் கைக்குப் பழக்கமில்லை. குழியை மூடிவிட்டு வில்லையைக் கையோடு எடுத்து வந்துவிட்டார். இப்போது திருடனாக நிற்கிறார்.

"லெனோரா, விடும்மா..." என்று எல்பர்ட் ஈனசுரத்தில் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. யார் வந்து கதவைத் தட்டினாலும் நம்பிடுவீங்க." ஓரின் பக்கம் திரும்பினாள். "எடுக்கறீங்களா, இல்ல உங்க சங்கத்துக்குப் போன் பண்ணட்டுமா?"

ஓரின் கிழவரைப் பார்த்தார். வாயைத் திறந்தால் தன் பெயர் பிழைக்கும். கிழவர் பிழைக்க மாட்டார்.

"பண்ணிக்கோங்க மேடம். ஆசைப்பட்டு எடுத்துட்டேன். தப்புதான். ஆனா காட்ட மாட்டேன்."

"என்ன திமிர்! எந்த இடத்துல எடுத்தீங்க? அதையாவது சொல்லுங்க."

"ஆப்பிள் மரத்தடியில."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்பர்ட் கோப்பையைச் சட்டென்று தட்டில் வைத்தார்.

லெனோரா ஆப்பிள் மரத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு முன்னைவிடப் பலமாகக் கத்தினாள்.

"போதும், கிளம்புங்க! போற வழியில வேற எதையும் சுருட்டாம இருக்கணுமே. நானே வந்து வண்டி ஏத்தி விடறேன்."

ஓரின் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார். வண்டிக்கு அந்தப் பக்கம், வராந்தாவிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்துக்கு வந்ததும் லெனோரா கையை நீட்டினாள். குரல் அடியோடு மாறியிருந்தது.

"பித்தளை வில்லைதானே? குடுங்க. அப்பா தூங்கினதும் நானே மரத்தடியில திரும்ப வச்சிடறேன்."

ஓரின் பாக்கெட்டில் கையை விட்டார். வில்லையைக் கொடுத்தார். அவள் கட்டைவிரலால் அதிலிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"உங்களுக்கு... தெரியுமா?"

"அன்னிக்கு மாடி ஜன்னல்ல நின்னுட்டிருந்தேங்க. வண்டி பின்னால வந்ததையும் பார்த்தேன். அப்பா மண்ணுல உட்கார்ந்து டாஃபியை மடியில போட்டுக்கிட்டு அழுததையும், அப்புறம் ஆப்பிள் மரத்தடியில புதைச்சதையும் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் இவ்வளவு காலமா..."

"எப்படிச் சொல்றது? நான் வளர்ற வரைக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பண்ணைச் சேதி சொல்வார். டாஃபி ஆடு மேய்க்குது, குட்டி போட்டிருக்குன்னு. டாஃபி ஆண் நாய்ங்க!" சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது. "தெரியும்னு சொல்லிட்டா, எங்கப்பா எங்கிட்ட மன்னிப்புக் கேப்பார். நான் அந்த ஜன்னல்ல நிக்கும்போதே மன்னிச்சுட்டேன். அவரை எதுக்கு வீணா கேக்க வைக்கணும்?"

வில்லையை ஏப்ரன் பைக்குள் போட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அப்பா! வாங்கிப் பார்த்துட்டேன். வெறும் சோடா மூடி! வெட்கப்பட்டுக்கிட்டு மறைச்சிருக்கார், பாவம். அவருக்கும் ஒரு காபி ஊத்துங்க!"