சுவரில் இருப்பவன்

இரண்டு மாடி உயரத்திலிருந்து அவன் அவளைப் பார்த்தான்.

கண்கள் அவனுடையவைதாம். இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கும் தழும்பும் இருந்தது. நான்கு வயதில் தெருக்குழாயில் மோதிக்கொண்டு வந்தது.

அவள் சந்தின் நடுவே நின்றாள். திண்டிவனத்தில் ஏறிய பேருந்தின் அசைவு இன்னும் கால்களில் மிச்சமிருந்தது.

சென்னையின் இந்தச் சந்தில் ஓவியம் இல்லாத சுவரே இல்லை. மீன்களுக்கு நடுவே உறங்கும் ஒரு நீலப் பெண். சிறகு முளைத்த ஒரு சைக்கிள். வருகிறவர்கள் ஒவ்வொன்றின் முன்னும் நின்று படமெடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

அவள் நகரவில்லை.

அவன் காணாமற்போய் எட்டு ஆண்டுகள்.

சென்ற வாரம் மகள் செல்பேசியை நீட்டினாள். யாரோ ஒரு பெண் இங்கே நின்று எடுத்துக்கொண்ட படம். அவளுடைய விரித்த கூந்தலுக்கு மேலே, சுவர் நிறைய, மகன் பூவரசனின் முகம்.

ஓரத்தில் ஓவியர் ஆண்டைக் குறித்திருந்தார். மகள் அதைப் பெரிதாக்கிப் படித்தாள். வரைந்து இரண்டு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன.

பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டுப் போனவன் இருபத்தைந்து வயதில் யாரோ ஒருவரின் கண்ணில் பட்டிருக்கிறான். அந்தச் சுவர் அவளுக்கு ஆறு ஆண்டுகளைத் திருப்பித் தந்திருந்தது.

மீசைதான் இன்னும் அரும்பாகவே இருந்தது. அவன் அப்பாவுக்கும் முப்பதில்தான் மீசை அடர்ந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு வாசலில் பானை வைத்து ஒருத்தி மோர் விற்றுக்கொண்டிருந்தாள். அவளை யாரோ ரெஜினா என்று அழைத்துவிட்டுப் போனார்கள். சந்தின் குறுக்கே கட்டிய கொடியில் அவள் வீட்டுப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. ஓவியத்தில் கழுத்துக்குக் கீழே உள்ள பகுதியை அது மறைத்திருந்தது.

"இத வரைஞ்சவரு எங்க இருக்காரும்மா?"

"எந்த ஊரோ, இன்னா பாஷையோ. பத்து நாளு இங்கயே கெடந்தாரு. எங்க வூட்லதான் தண்ணி வாங்கிக் குடிப்பாரு. வரைஞ்சு முடிச்சாரு, பூட்டாரு."

"இந்தப் புள்ளய நேர்ல பாத்துதான் வரைஞ்சாரா?"

ரெஜினா சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாக்காம இப்டி வருமாக்கா? மூச்சு வுடறமாரியே கீறான். தெனம் வெயில்ல நிக்கிறானேன்னு ஒரு நா நானே மோர நீட்டிடுவேன் போல."

அதைக் கேட்டு அவள் சிரித்தாள். ஒரு குவளை மோர் வாங்கிக் குடித்தாள். காலையிலிருந்து வயிற்றுக்குள் போன முதல் பொருள் அது.

அவன் கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. போன அன்று அவனிடம் சொன்ன ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அது என்ன சொல் என்று காவல் நிலையத்தில்கூட அவள் சொன்னதில்லை.

சந்தின் முனையில் ஒரு கூட்டம் திரும்பியது.

"சுத்திக் காட்ற தம்பி வந்துட்டான். துணி தொங்குனா கத்துவான்" என்று ரெஜினா எழுந்தாள். கொம்பை நீட்டிப் போர்வையை இழுத்தாள்.

போர்வை விழுந்தது.

பூவரசனின் தோளில் நான்கு விரல்கள் இருந்தன.

கைக்கு உரியவர் படத்தில் இல்லை. ஆள்காட்டி விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. முடிச்சின் பிசிறைக்கூட ஓவியர் விட்டுவிடவில்லை.

அந்தத் துணியை அவளுக்குத் தெரியும். மகளின் வளைகாப்புக்கு முந்திய நாள் அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டு, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியது. மறுநாள் மகனின் தோளில் அந்தக் கையைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நின்றாள்.

அவன் காணாமற்போன பிறகு, அந்தப் படத்திலிருந்து அவனை மட்டும் தனியே வெட்டித் தரச் சொன்னாள்.

"வெரல வெட்டுனா தோளும் போயிடும்மா. இருந்துட்டுப் போவட்டும்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

மேலே 'காணவில்லை' என்று போட்டு அச்சடித்த தாள்கள். எழும்பூரில், கோயம்பேட்டில், பாலங்களின் தூண்களில். மழை கரைக்கக் கரைக்க, ஆண்டுதோறும் வந்து அவளே பசை தடவி ஒட்டியவை.

ஓவியர் பார்த்தது அவனை அல்ல. அந்தத் தாளை.

மீசை அரும்பாகத்தான் இருக்கும்.

கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய இளைஞன் கையை உயர்த்தினான்.

"இது பதினாலாவது சுவர். எல்லாரும் மொகத்தத்தான் பாப்பாங்க. நீங்க அந்த வெரல்களப் பாருங்க. புடிச்சிருக்கா, இல்ல தள்ளுதா? ஆர்ட்டிஸ்ட் சொல்லல. நம்மகிட்டயே விட்டுட்டாரு."

பத்துப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தள்ளுற மாதிரிதான் இருக்கு" என்றார் ஒருவர்.

அவள் தன் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.