தண்ணீர் ஏறும்வரை

“இன்னும் ஒரே ஒரு கிளாஸ் டீ சார். பாதாம் போட்டது. குடிச்சிட்டுப் போங்க.”

மப்ரூகா மறுபடியும் கிளாஸை நீட்டினாள். ஆய்வுக்கு வந்திருந்த இளம் அதிகாரி நௌஃபல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறுதான் தெரிந்தது. கடல் எங்கோ அடிவானத்தில் ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது.

“போதும்க்கா. வயிறு முழுக்க டீதான் இருக்கு. பறவை எங்க? அதைக் காட்டுங்க.”

“இருக்கு சார். அந்தக் கடலோரமா மேயுது.”

சாலையில் நின்ற காரிலிருந்து ஹாரன் அலறியது. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார் கம்பெனி மேலாளர். இந்தச் சேற்றுவெளியில் மண்ணைக் கொட்டிக் கிடங்கு கட்டத் துடிக்கிறவர் அவர்தான்.

“சீக்கிரம் வாங்க சார்! சேத்துல பாக்க என்ன இருக்கு? ஸ்பாக்ஸ் டவுன்ல மீன் சாப்பாட்டுக்குச் சொல்லி வச்சிருக்கேன்!”

போன வருஷம் வந்த அதிகாரி அந்தக் குரலுக்குத்தான் ஓடினார். ஐந்து நிமிஷம் நின்றார், காய்ந்து கிடந்த சேற்றைப் பார்த்தார், ‘பறவைகள் இல்லை’ என்று எழுதினார், போய்விட்டார். மறுமாதமே தெற்குப் பக்கம் முழுக்க மண் விழுந்தது. அங்கே மட்டி தோண்டிப் பிழைத்த பெண்கள் இப்போது ஊரார் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள். மப்ரூகாவுக்கும் மற்றவர்களுக்கும் மட்டி தோண்ட மிச்சம் இருப்பது இந்த வடக்குப் பக்கம்தான். பறவைகள் கூட்டம் கூட்டமாகத் தங்கும் இடம் என்று அதிகாரி கண்ணால் கண்டு எழுதினால், இங்கே ஒரு கூடை மண்கூட விழாது.

தலைநகரம் தூனிஸில் கடல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். இந்த வளைகுடாவில் அது வற்றி எங்கோ போகும், பிறகு ஊர் வாசல்வரை வரும். அங்கிருந்து வருகிறவர்களுக்கு அது தெரியாது. மப்ரூகா அந்தத் தெரியாமையைத்தான் நம்பியிருந்தாள்.

பக்கத்தில் கரியடுப்பை விசிறிக்கொண்டிருந்த தோழி துர்க்கியா முணுமுணுத்தாள். “டீயைக் குடுத்தே ஆளைக் கொன்னுடாதடி. எப்பக் கூட்டிட்டுப் போகப் போற?”

“பொறு. கோடு கொஞ்சம் தடிக்கட்டும். இப்பவே போனா, பாத்துட்டு உடனே திரும்பிடுவாரு.”

“அதிகாரியைத் தண்ணிக்கு நடுவுல சிறை வைக்கப் போற. நாளைக்கு உன்னை ஜெயில்ல போட்டா கூஸ்கூஸ் தூக்கிட்டு நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்.”

“வராதே. உன் கூஸ்கூஸை விட ஜெயில் சாப்பாடு மேல்.”

வெள்ளைக் கோடு தடித்தது. மப்ரூகா எழுந்து பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“சார், அதோ நடுவுல சிப்பி மேடு தெரியுதா? மேல ஒரு ஓலைக் குடிசை இருக்கு. வெயிலுக்கு நாங்க ஒதுங்குற இடம். அங்கேர்ந்து பாத்தா பறவையெல்லாம் நல்லாத் தெரியும். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்.”

நௌஃபல் உடனே எழுந்தார். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஹாரன் நீளமாக ஒலித்தது. திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தார். பாவம், வெள்ளந்தி மனுஷன் என்று மப்ரூகாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் கால்கள் நிற்கவில்லை.

குடிசைக்குள் இருவரும் உட்கார்ந்தார்கள். முதலில் சேற்றிலிருந்த வாய்க்கால்கள் மினுங்கின. பிறகு வாய்க்கால்களே காணாமல் போயின. வந்த வழி எது என்று தெரியாமல் தண்ணீர் பரந்தது.

“மூச்சைக்கூட மெதுவா விடுங்க சார்” என்றாள் அவள்.

தண்ணீர் துரத்தத் துரத்தப் பறவைகள் மேட்டை நோக்கி வந்தன. முதலில் பனி நாடுகளிலிருந்து வலசை வந்த உள்ளான்கள், வானத்தில் புகை சுழல்வதுபோல் சுழன்று இறங்கின. பிறகு நீண்ட அலகுடைய மூக்கன்கள். வருஷம் முழுக்க இங்கேயே குடியிருக்கும் உப்புக்கொத்திகள் சின்னக் கால்களால் ஓடி வந்து, விருந்தாளிகளுக்கு நடுவே இடம் பிடித்தன. பூநாரைகள் ஓரமாக வரிசை கட்டின. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல மேடு முழுக்க இறகும் அலகும்.

நௌஃபல் பைனாகுலரை எடுப்பதும், படம் பிடிப்பதும், எழுதுவதுமாக இருந்தார். போன் அதிர்ந்தது. கம்பெனி மேலாளர்தான்.

“ஐயையோ, சுத்தி தண்ணி சார்!” என்று குரலைத் தாழ்த்திப் பதறினார். “கடல் இப்படி வரும்னு எனக்கென்ன சார் தெரியும்? சாயங்காலந்தான் வடியுமாம். நீங்க போய்ச் சாப்பிடுங்க.”

மப்ரூகாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“சார், இது என் வேலைதான். தண்ணி வரும்னு தெரிஞ்சேதான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன். என் மேல கேஸ் போடுங்க, பரவாயில்ல. ஆனா பாத்ததை அப்படியே எழுதிடுங்க.”

அவர் கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமலே சிரித்தார்.

“எதிர்க்க இருக்கிற கெர்கென்னாத் தீவுலதான்க்கா நான் பொறந்தேன். தண்ணி ஏறுற நேரம் பாத்துத்தான் இன்னிக்கு வரேன்னு சொன்னேன். நானா இங்கேயே உக்காந்து எண்ணினா அந்த மேலாளர் என் மேல புகார் எழுதுவாரு, தண்ணி மறிச்சா எழுத முடியாது பாருங்க. ஆனா நீங்க டீ மேல டீயா ஊத்தினப்ப, மேட்டுக்கு வர்றதுக்குள்ள வழி மூடிடுமோன்னு எனக்குத்தான் உயிரே போயிடுச்சு!”