ஒற்றைக் காலில் முப்பது விநாடி

ஒன்பது அடி நடக்க வேண்டும். ஒரு காலின் குதி மறுகாலின் பெருவிரலைத் தொட வேண்டும். கை இரண்டும் உடம்போடு. சத்தமாக எண்ண வேண்டும், நடுவில் நிற்கக்கூடாது.

பொலிஸ்காரனுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். ஷெப்பர்ட் வீதியில், பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் காரை ஓரங்கட்ட வைத்து, நடைபாதைச் சீமெந்தில் ஒரு கோட்டைக் காட்டினான்.

காலை ஏழு மணி. பஸ்ஸுக்கு நின்றவர்களில் பாதிப்பேர் எங்கட சனம். நான் கஞ்சாவோடு பிடிபட்டேன் என்ற கதை பின்னேரத்துக்குள் எங்கட மல்வேர்ன் பகுதி முழுக்கப் போய்விடும்.

பிக்கரிங்கில் பேக்கரி இரவு வேலை முடித்து வரும்போது கண் ஒருக்கால் சொக்கியது உண்மை. கார் அடுத்த லேனுக்குள் போனதும் உண்மை. ஊதச் சொன்னான், ஊதினேன். பூச்சியம். அத்தோடு விட்டிருக்கலாம். டோர்ச் அடித்து என் கண்களைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் வேறு ஏதோ எடுத்திருக்கிறாய் என்றான்.

நாலு நாளாக நித்திரையில்லை, ஒரு போனுக்காகக் காத்திருக்கிறேன் என்றேன். யாருடைய நம்பர் என்று கேட்டான். நம்பர் விழாது, வேறு யாருடையவோ போனில் வரும், இரண்டு நிமிடம்தான் கதைக்கலாம் என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. தூள் விற்பவன்தான் இப்படிக் கதைப்பான்.

அக்கா, இலங்கை, சண்டை என்று என் ஆங்கிலத்தில் அவசரமாக அடுக்கினேன். அந்தச் சண்டையை நிறுத்தச் சொல்லி டவுன்டவுனில் ரோட்டை மறிக்கும் ஆட்களா என்று கேட்டான்.

சந்தேகம் வந்தால் நடக்கவும் நிற்கவும் வைத்துச் சோதிக்கும் அதிகாரம் போன வருடத்திலிருந்து தனக்கு உண்டாம். மாட்டேன் என்றால், வெறியில் கார் ஓடியதற்கு என்ன குற்றமோ அதே குற்றமாம். லோயரோடு கதைக்கலாமா என்றேன். இந்தச் சோதனைக்கு முன் இல்லை என்றான்.

காருக்குள் பொன்னம்பலம் அங்கிள் இருந்தார். என்னோடு வேலை செய்பவர், தினமும் அவரை இறக்கிவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன். அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. கையை டாஷ்போர்டில் வை, எதையும் தொடாதே என்று பொலிஸ்காரன் அவருக்கு ஒருமுறைதான் சொன்னான். ஓமந்தை ஆமிச் சோதனைச்சாவடியால் போய்வந்த மனிதருக்கு ஒருமுறை போதும்.

ஐந்தாவது அடியில் போன் அடித்தது.

அது சீட்டுக்கு நடுவில் கிடந்தது. நான் நின்று திரும்பினேன்.

“தம்பி, போன் அடிக்குது. எடுக்கட்டோ?” என்று அங்கிள் கார்க் கண்ணாடியால் கேட்டார்.

கை, கை என்று பொலிஸ்காரன் கத்தினான். அங்கிளின் கை ஒரு அங்குலம்கூட எழும்பியிருக்கவில்லை.

ஒரு நிமிடம், அக்காதான், ஒரே ஒரு நிமிடம் என்று கெஞ்சினேன். முதலில் இது முடியட்டும் என்றான். நடுவில் நின்றபடியால் முதல் அடியிலிருந்து தொடங்கச் சொன்னான். அவன் கோபப்படக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன் ஓய்ந்தது. ஒன்பது அடி போய், திரும்பி ஒன்பது அடி வந்தேன்.

பிறகு ஒற்றைக் காலில் முப்பது விநாடி. ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று எண்ண வேண்டும். ஆயிரத்து நாலில் போன் திரும்பவும் அடித்தது.

யோகமலர் அக்கா முள்ளிவாய்க்காலில், யாரோ ஒருவரின் சற்றலைட் போனுக்கு வரிசையில் நின்று, இரண்டாம் தரம் அமத்துகிறாள். மூன்றாம் தரம் கேட்டால் பின்னால் நிற்கிற சனம் விடாது. நாலு நாளாகப் பேக்கரிக்குள்ளும் காலுறையில் ஒளித்துக்கொண்டு திரிந்த போன், ஆறடி தூரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

காலைக் கீழே வைத்தால் சோதனையில் தவறிவிடுவேன். தவறினால் ஸ்டேஷன், அங்கே போதை பார்க்கும் ஒரு நிபுணன், மூத்திரச் சோதனை. போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள், நாள் முழுக்கப் போய்விடும். நின்று முடித்தால் இந்த ஒரு அழைப்புத்தான் போகும், அடுத்ததை எடுக்கலாம். அப்படித்தான் யோசித்தேன். எந்தச் சாமிக்கும் நான் இப்படி ஒற்றைக் காலில் நின்றதில்லை.

ஆயிரத்து இருபத்தைந்தில் போன் ஓய்ந்தது. மிச்ச ஐந்தையும் எண்ணி முடித்தேன்.

பொலிஸ்காரன் கொப்பியில் ஏதோ எழுதினான். உன்னில் பிழையில்லை, போய் நித்திரைகொள் என்று லைசென்ஸைத் தந்தான். நான் நன்றி சொன்னேன். என் வாயிலேயே போட வேண்டும், நன்றி சொன்னேன்.

“ரெண்டு தரம் அடிச்சது, தம்பி. நம்பர் விழேல்லை,” என்றார் அங்கிள். கையை இன்னும் எடுக்கவில்லை.

நான் எடுக்காவிட்டால் அக்கா மெசேஜ் விடுவாள். இருக்கிறேன் என்று ஒரு சொல் போதும் எனக்கு. வோய்ஸ்மெயிலுக்கு அடித்தேன்.

புதிய மெசேஜ் இல்லை என்றது மெஷின். பெட்டி நிறைந்துவிட்டது, மூன்றுக்கு மேல் கொள்ளாது என்றது.

மூன்றும் அக்காவுடையவை. தையில் ஒன்று, மாசியில் ஒன்று, சித்திரையில் ஒன்று. மூன்று தரமும் நான் வேலையில் நின்றேன், போன் லொக்கரில் கிடந்தது. இந்த வருடம் அவளோடு நேரே கதைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்தால் அந்த மூன்றையும்தான் கேட்பேன். கேட்டு முடிய, அழிக்கவா வைத்திருக்கவா என்று மெஷின் கேட்கும்.

வைத்திரு என்றுதான் ஒவ்வொரு நாளும் அமத்தினேன்.