அக்கா வீட்டு மாடி

"அதெல்லாம் சரிப்படாது. அக்கா வீட்டு மாடிக்கு நீங்க குடிபோக வேண்டாம்."

அம்மா இப்படிச் சொன்னதும் ஏ.சி. மெக்கானிக்கான மகனின் கையிலிருந்த டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

அவன் மனைவி நர்ஸ். வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் இருவரும் கிளம்ப வேண்டும். அங்கே எங்கே குடியிருப்பது என்பதுதான் இப்போது பேச்சு.

ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே ஊழியர் குடியிருப்பு இருக்கிறது. ஒரே ஒரு படுக்கையறை, சின்ன வீடு. இல்லையென்றால் ரயிலில் கொஞ்ச தூரம் தள்ளி, பல வருஷமாக அங்கேயே இருக்கும் அவன் அக்காவின் வீட்டு மாடி. எது என்று இன்றைக்குள் ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாக வேண்டும்.

"ஏம்மா வேண்டாங்கிறே? புது ஊர், புது பாஷை. அக்கா கூட இருந்தா ஒரு தலைவலி, காய்ச்சல்னா ஓடி வர ஆள் இருக்கும்."

"உன் பொண்டாட்டியே நர்ஸ். தலைவலிக்கு இன்னொரு ஆள் வேறயா?"

"மாடி சும்மாதானேம்மா கிடக்கு?"

"கிடந்துட்டுப் போகட்டும். என் பொண்ணு நிம்மதியா இருக்கா. நடுவுல நீங்க போய் எதுக்குக் கூட்டம் போடணும்?"

அவனுக்குச் சுருக்கென்றது. மனைவியைப் பார்த்தான். அவள் தலையை நிமிர்த்தாமல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. வீடியோவில் அக்கா. வேலை என்னவோ பேங்க்கில்தான். குடும்பத்தில் பட்டப்பெயர் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"டேய், போனை அவ பக்கம் திருப்பு! இங்க பாரும்மா, மாடிக்கு நீலக் கலர்ல கர்ட்டன் போட்டாச்சு. உனக்குப் பச்சைதான் பிடிக்கும்னு இவன் சொன்னான். இந்த வெளிச்சத்துக்குப் பச்சை எடுக்காது. அடுப்பு இருக்கு, ஆனா தனிச் சமையல் எதுக்கு? கீழயே எல்லாருக்கும் சேர்த்து ஆக்கிடலாம். அப்புறம், நைட் டியூட்டி மட்டும் ஒத்துக்காதே. வாசல் கதவை நான் ஒன்பது மணிக்கெல்லாம் பூட்டிடுவேன். சந்தோஷம்தானே?"

"ரொம்ப சந்தோஷம் அண்ணி" என்றாள் நர்ஸ், முகமெல்லாம் சிரிப்பாக.

அம்மா எட்டிப் போனைப் பிடுங்கினாள்.

"ஒரு சந்தோஷமும் இல்லை. அவங்க அங்க வரலை."

"என்னம்மா உளர்றே?"

"மருமகளைக் கொண்டுபோய் மக வீட்டு மாடியில குடிவெச்சா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"இங்க எந்த நாலு பேரும்மா பேசப்போறாங்க? பக்கத்து வீட்டுக்காரிக்கு என் பேரே வாயில நுழையலை!"

"எனக்குப் பிடிக்கலைடி. அவ்வளவுதான்."

"அவளே வரேங்கிறா, உனக்கு ஏன் வயிறு எரியுது? தம்பி குடும்பம் பக்கத்துல இருக்கட்டும்னு நான் எவ்வளவு ஆசையா இருந்தேன் தெரியுமா? இனிமே என்கூடப் பேசாதே!"

திரை அணைந்தது.

மகன் அம்மாவையே பார்த்தான். "மேல ஒரு மாசம், கீழ ஒரு மாசம்னு வந்து இருப்பேன், ரெண்டு பிள்ளைங்களையும் ஒரே வீட்டுல பார்ப்பேன்னு நீதானேம்மா சொல்லிட்டிருந்தே? இப்ப திடீர்னு மருமக ஆகாதவளாயிட்டாளா?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஆகாதுன்னே வெச்சுக்கோ."

அவன் போனில் மளமளவென்று தட்டினான். "ஆஸ்பத்திரி வீடே போதும்னு சொல்லியாச்சு. இப்பக் குளுகுளுன்னு இருக்கா?"

ஏ.சி. மெக்கானிக் என்பதால் கோபத்திலும் அந்த வார்த்தைதான் வந்தது. கருவிப் பையைத் தோளில் மாட்டியவன் மனைவியிடம் மட்டும் குரலைத் தணித்தான். "அம்மா சொன்னதை மனசுல வெச்சுக்காதே."

"பரவாயில்லைங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதுதான் தாமதம், நர்ஸ் எழுந்து வந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள்.

"எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க? உங்க பிள்ளைகிட்டகூட நான் வாயைத் திறக்கலையே!"

"வாயைத் திறந்தாத்தான் தெரியணுமா? கொஞ்ச நாளா அவ போன் வந்தாச் சிரிக்கிறே, வெச்சா மூஞ்சி தொங்கிப்போகுது. அவளைப் பெத்தவ நான். பாசத்துல குறை சொல்ல முடியாது. ஆனா நீ எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கணும்னுகூட அவதான் முடிவு பண்ணுவா!"

நர்ஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"என்னால பழியெல்லாம் உங்க மேல விழுந்துடுச்சே அத்தை. உங்களுக்கும் அங்க வந்து இருக்கணும்னு ஆசைதானே? நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்…"

"நல்லாச் சொன்னே போ! நீ சொல்லியிருந்தா அது ஆயுசுக்கும் பகை. உன் பேரப்பிள்ளை கல்யாணத்துலகூடச் சொல்லிக் காட்டுவா. அதையே நான் சொன்னா…"

அலமாரி மேலிருந்த அம்மாவின் போன் அலறியது. எடுத்துப் பார்த்தவளின் முகம் மலர்ந்தது. மகள்தான்.

"பாரு, பெத்தவ மேல கோபம் ஒரு டீ ஆறுற நேரம்கூடத் தாங்கலை!"