நல்ல கை

டெக்சாஸில் லாரி ஓட்டும் வெர்னனுக்கு ஊசி என்றாலே நடுக்கம். கிளினிக்கில் ரத்தம் எடுக்க வந்த பெண்ணின் அடையாள அட்டையைப் படித்தார்: ‘யெசேனியா, மெடிக்கல் அசிஸ்டென்ட்’.

“நீ வேணாம்மா, நர்ஸை வரச் சொல்லு. என் கை ஒண்ணும் நீ பழகிப் பாக்கறதுக்கு இல்ல.”

“தாராளமா சார்!” யெசேனியா கோபிக்காமல் போய்ச் சொன்னாள்.

நர்ஸ் கார்லா வந்தாள். வெர்னன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு குத்து, நரம்பு நழுவியது. இன்னொரு குத்து, “அம்மா!” என்று அலறினார்.

“போதும்! இங்க இருக்கறதுலயே யார் கை நல்ல கையோ, அவங்க வந்து எடுக்கட்டும்!”

“கூப்பிடறேன் சார்.”

காலடிச் சத்தம் கேட்டது. முழங்கை மடிப்பில் பஞ்சு ஈரமாகப் பட்டது. எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. அதற்குள் பிளாஸ்திரி ஒட்டியாயிற்று.

“பாத்தீங்களா கார்லா, இவங்கதான் நர்ஸு!” என்று கண்ணைத் திறந்தார்.

எதிரே ரத்தக் குப்பியோடு யெசேனியா.

“நர்ஸ் இல்ல சார், மெடிக்கல் அசிஸ்டென்ட்.”

வெர்னன் திரும்பிப் பார்க்க, கார்லா சிரித்தபடி தன் சட்டைக் கையை மடித்தாள். அவள் முழங்கை மடிப்பிலும் அதே பிளாஸ்திரி.

“மருந்துல சந்தேகம்னா என்னைக் கேளுங்க சார். ரத்தம்னா, காலையில நானே இவகிட்டதான் கையை நீட்டினேன்.”