வீசிய கரண்டி

புலாவ் தீக்குஸ் சந்தையில் காலை வெயில் பெவர்லியின் அப்பச்சட்டிமேல் சாய்ந்து விழுகிறது. ஈயோட்டிக்கொண்டிருந்த கடைமுன் இன்று கூட்டம். ஆனால் யாரும் அப்பம் கேட்கவில்லை; போனைத்தான் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். நேற்று டிவி சமையல் போட்டியில் அவள் எதிர்ப்போட்டியாளர் அர்ச்சனாமேல் கரண்டியை வீசிவிட்டுக் கதறியதை ஊரே பார்த்தது. அதற்கு முன், "சோறூட்டத் தெரியாமத்தானே பெத்த பிள்ளைய சாகக் கொடுத்தே" என்று அர்ச்சனா சிரித்தபடி சொன்னதை மட்டும் வெட்டிவிட்டார்கள். "அக்கா, அந்தக் கரண்டிய ஒருவாட்டி வீசிக் காட்டுங்க லா," என்கிறான் டேரில். மாதா கோவிலில் அவளோடு பாடுகிறவன். அவளுடைய அந்தப் பிள்ளையின் அடக்கத்துக்கும் பாடியவன். "வேணாம் தம்பி, யாவாரத்தப் பாக்கணும்." அவன் போனுக்குள் அவள் குரல் திரும்பத் திரும்ப அலறுகிறது. கூட்டம் சிரிக்கிறது. சட்டியில் அப்பம் கருகிப் புகைகிறது. பெவர்லியின் கையிலிருந்து கரண்டி நழுவி விழ, ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் அழுகிறாள். டேரில் ஏப்ரனின் ஓரத்தை இரண்டு விரலால் மெல்ல விலக்குகிறான். போனை அவள் முகத்தருகே கொண்டுபோகிறான். திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறான்.

"சத்தமே வரல லா, அக்கா. டிவில அழுத மாதிரி அழுங்க."