கட்டிலுக்கடியில் பதினாறு ஜாடிகள்

“இன்னும் ஒரு ஜாடி இந்த வீட்டுக்குள்ள வந்தா, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!”

“அதுக்கு முன்னாடி நான் ஓடிடறேன்,” என்று சிரித்தான் கணவன். “கொண்டு வந்து குடுத்ததே நீதானே? எங்கம்மா என்ன கடைக்கா போனாங்க?”

காலையில் நடந்த இந்தப் பேச்சை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வேலை பார்க்கும் அழகு நிலையத்தில் நாள் முழுக்க வாசனை மெழுகுவர்த்தி எரியும். பல் துலக்கும் பிரஷ் போட்டு வைக்கலாமே என்று, எரிந்து தீர்ந்த கண்ணாடி ஜாடிகள் இரண்டை ஒரு நாள் எடுத்து வந்தாள். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

“நல்ல கனமான கண்ணாடிம்மா! இன்னும் இருந்தா கொண்டு வாயேன்,” என்றார் மாமியார்.

அன்றிலிருந்து ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தால் நாலு ஜாடி உட்கார்ந்திருக்கும். குளிரில் மெழுகு சுருங்கி, தட்டினால் கழன்று வந்துவிடுமாம். குடிக்கிற தண்ணீரில்கூட ரோஜா வாசனை. லேபிள் சுரண்டிய பிசுக்கு பாத்திரம் கழுவும் தொட்டியெங்கும் அப்பிக் கிடக்கும்.

சரி, கழுவிய ஜாடியாவது அலமாரிக்கு வந்ததா? அதுவும் இல்லை. நேற்று பெருக்கும்போது மாமியாரின் கட்டிலுக்கடியில் ஒரு அட்டைப்பெட்டி இடித்தது. இழுத்துப் பார்த்தால், ஒன்றில் ஒரு கைப்பிடி தேயிலை, ஒன்றில் நாலு கரண்டி சர்க்கரை, அப்புறம் உப்பு, மிளகு, அரிசி. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். எண்ணினாள். பதினாறு!

சமையலறையில் டப்பா டப்பாவாக இருக்கும்போது எதற்கு இந்தப் பதுக்கல்? ‘நான் என்ன பூட்டியா வெச்சிருக்கேன்?’

இதற்கு ஒரே வழிதான். அழகு நிலையத்துக்குப் பின்தெருவில் இரண்டு அறை வீடு ஒன்று காலியாக இருந்தது. அவளும் கணவனும் மட்டும். தன் அடுப்பு, தன் அலமாரி. மூன்று வருஷக் கனவு. வீட்டுக்காரர் இன்று மாலைக்குள் பதில் கேட்டிருந்தார். “அம்மாகிட்ட நீயே சொல்லிடு,” என்று கணவன் நைசாகக் கழன்றுகொண்டான்.

வேலை முடிந்து வந்தபோது மாமியார் ஜாடியில் ஒட்டிய மெழுகைக் கரைக்க, தொட்டியருகே வெந்நீர்க் கெட்டிலும் கையுமாக நின்றிருந்தார்.

“அத்தை, ஒரு விஷயம் பேசணும்.”

“பேசலாமே. அப்படியே இதைத் துடைச்சு வை.” ஈரம் சொட்டும் ஜாடி ஒன்று அவள் கைக்கு வந்தது.

அவ்வளவுதான், பொறுமை போயிற்று. “எதுக்கு அத்தை இத்தனை ஜாடி? மளிகைக்கடை போடப் போறீங்களா? கட்டிலுக்கடியில நான் பாத்தேன்!”

மாமியார் குழாயை மூடினார். “பாத்துட்டியா?”

“பாத்தேன். என் மேல நம்பிக்கை இல்லன்னா நேரா சொல்லியிருக்கலாமே?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல கண்ணு.” துண்டில் கையைத் துடைத்தபடி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். “உன்னைக் கேக்கணும் கேக்கணும்னு ஒரு வருஷமா வாய் வரைக்கும் வந்து வந்து போகுது. நீ தப்பா எடுத்துக்குவியோன்னு பயம்.”

வீடு பார்த்த விஷயத்தை அவள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ‘நம்மளைப் பேச விடறாங்களா பாரு!’ பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“என்ன, இன்னொரு அலமாரி வேணுமா? கேளுங்க.”

“கல்யாணமாகி வந்தப்போ இது என் மாமியார் சமையலறை. அவங்க போன கையோட நீ வந்துட்டே. இப்ப இது உன் சமையலறை.” மாமியார் தயங்கித் தயங்கி அவள் முகத்தைப் பார்த்தார்.

“எனக்கு ஒரு தனிக்குடித்தனம் வெச்சுக் குடும்மா.”